கூறு போட்டு விற்கப்படும் ஓய்வு

மேனாட்டு உல்லாசப் பயண வியாபாரத்தில் இன்று ஓர் அழைப்பு பரவலாக வழங்குகிறது. கடற்கரை விடுதியொன்றில் மூன்று பகலும் இரண்டு இரவும் தங்கலாம். வழமையான கட்டணத்திற் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தாற் போதும். உணவும் பானமும் அதனுள் அடங்கும். ஆடை அணிவதும் அணியாததும் விருந்தினரின் விருப்பம். இத்தனைக்கும் ஈடாக விடுதியார் கேட்பது ஒன்றே: ஒரு காலை வேளையில் 90 நிமிடங்களை ஒதுக்கி, அவர்களது திட்டமொன்றைப் பற்றிய விளக்கத்தைக் கேட்கவேண்டும். மணமானவராயின் கணவனும் மனைவியும் சேர்ந்தே வரவேண்டும். அத்திட்டத்தின் பெயர் டைம்ஷெயர். தமிழிற் காலப்பங்கு எனலாம். விடுதியறையொன்றை ஆண்டில் ஒரு வாரம் பயன்படுத்தும் உரிமையை முன்கூட்டியே விலைக்கு வாங்குவதே அது.

இவ்வழைப்பைப் பற்றிக் கேள்வியுறும் நம்மவரிற் சிலர் முகஞ் சுளிப்பர். வேறு சிலர் எள்ளி நகைப்பர். இவ்விரண்டும் சமூக வரலாற்றைக் கற்போருக்குப் பயன்படா. ஒரு வழக்கம் எங்கே தோன்றியது, எந்த வர்க்கத்தின் தேவையிலிருந்து பிறந்தது, பின்னர் யார் கைக்கு மாறியது என்று வினவுவதே நமக்குரிய முறை. அவ்வாறு வினவுமிடத்து, மேற்கூறிய அழைப்பிலே இரண்டு வரலாறுகள் வந்து சந்திப்பதைக் காண்கிறோம். ஒன்று, ஆலைப் புகையிலும் இருண்ட குடியிருப்பிலும் நலிந்த உடலுக்கு வெயிலும் காற்றும் வேண்டுமெனக் கேட்ட இயக்கத்தின் வரலாறு. மற்றையது, உழைப்பாளி போராடிப் பெற்ற ஓய்வை மூலதனம் சரக்காக மாற்றிய வரலாறு. இவ்விரண்டையும் தொடர்புபடுத்தி நோக்கினாலன்றி, 'அவரவர் விருப்பம்' என்ற அந்த இனிய சொல்லின் உண்மைப் பொருள் விளங்காது.

முதலாவது வரலாற்றின் தொடக்கத்தில் இலங்கைத் தமிழருக்கு அறிமுகமான ஒருவரின் பெயர் வருகிறது. ஆங்கிலச் சோஷலிஸவாதியான எட்வர்ட் கார்பென்டர், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் நண்பர். 1890இல் இலங்கைக்கு வந்து சென்றவர். இயந்திர நாகரிகம் மனிதனை இயற்கையினின்றும் சக மனிதனிடமிருந்தும் பிரித்துவிட்டதென்பது அவர் கொள்கை. இறுக்கமான உடையையும் சப்பாத்தையும் வெறுத்து, பாதரட்சைகளைத் தாமே செய்து அணிந்தார். உடலில் வெயில் படுவதை நன்மையெனப் போற்றினார். 1891இல் பம்பாய் மாகாணத்துத் தானாவில் நீதிபதியாயிருந்த சார்ள்ஸ் குரோஃபோர்ட் என்னும் ஆங்கிலேயர், ஆடையின்றி உலாவுவதற்கென ஒரு சிறு சங்கத்தை அமைத்தபோது அதைப்பற்றிக் கார்பென்டருக்கே கடிதம் எழுதினார். அச்சங்கத்தின் உறுப்பினர் மூவர். ஓரிரு ஆண்டுகளில் அது மறைந்தும் போயிற்று. மூவரும் வெள்ளையர். கோட்டும் கழுத்துப்பட்டியும் அவர்களுக்கு இந்திய வெயிலிற் சுமையாயின. அவற்றைக் கழற்றிவைக்க மறைவான இடமும், ஓய்வும், அதிகாரமும் அவர்களிடம் இருந்தன.

அதே நூற்றாண்டில், அதே இந்தியாவின் தென்கோடியில் நடந்த வேறொரு போராட்டத்தையும் இங்கே எண்ணிப்பார்த்தல் தகும். திருவிதாங்கூரில் நாடார் முதலிய சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிய அனுமதிக்கப்படவில்லை. அணிந்து சென்றவர்களின் ஆடை சந்தைகளிலும் தெருக்களிலும் பறித்துக் கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் நீடித்த தோள்சீலைப் போராட்டத்தின் பின், 1859 ஜூலையிலே மன்னரின் பிரகடனம் வெளிவந்தது. அதிலுங்கூட, மேற்சாதிப் பெண்களைப் போல அணியலாகாதென்ற நிபந்தனை இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் ஆடைமீது சாதியமைப்பு விதித்திருந்த தடைகளையும் நாம் அறிவோம். தானாவின் நீதிபதிக்கு ஆடையைக் களைவது விடுதலையாயிற்று. திருவிதாங்கூர்ப் பெண்ணுக்கு ஆடையை அணிவதே விடுதலையாயிற்று. ஆகவே விடுதலை துணியிலும் இல்லை, துணியின்மையிலும் இல்லை. தன் உடலைப்பற்றித் தானே முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே முதன்மையான கேள்வி. இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு ஜேர்மனிக்குச் செல்வோம். ஆடையற்ற வாழ்வு ஒரு வெகுசன இயக்கமாக வளர்ந்தது அங்கேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஜேர்மனியின் கைத்தொழில் அசுர வேகத்தில் வளர்ந்தது. கிராமங்களிலிருந்து வந்து குவிந்த தொழிலாளருக்கென பேர்லினில் எழுந்த அடுக்குக் குடியிருப்புகளை மக்கள் வாடகைப் பாசறைகள் என்றே அழைத்தனர். தெருவை நோக்கிய முன்கட்டிடத்தின் பின்னே ஒரு முற்றம், அதன் பின்னே இன்னொரு கட்டிடம், மீண்டும் ஒரு முற்றம் என அவை உள்நோக்கி நீண்டன. 1853ஆம் ஆண்டின் கட்டிட விதிகளின்படி முற்றத்தின் குறைந்தபட்ச அளவு நீளத்திலும் அகலத்திலும் 5.34 மீற்றர் மட்டுமே. தீயணைக்கும் வண்டி திரும்புவதற்குத் தேவையான இடம் அதுவென்று கணக்கிட்டார்கள். குழந்தை வளர்வதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமென்று எவரும் கணக்கிடவில்லை. காசநோயும், எலும்பு வளைந்துபோகும் கணைநோயும் அக்குடியிருப்புகளின் நிரந்தர விருந்தாளிகளாயின.

அதே காலத்தில் மருத்துவ அறிவு வேறொரு திசையைக் காட்டியது. ஒளியினாற் தோற் காசத்தைக் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1903இல் சுவிட்சர்லாந்தின் லேசின் மலையூரிலே ஒகுஸ்ட் றொலியே காச நோயாளரை வெயிலிற் கிடத்திச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். 1919இல் பேர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதாக் கதிர்கள் கணைநோயைக் குணப்படுத்துவதைக் குழந்தைகளிடத்து நிறுவிக் காட்டினார். வெயில் ஓர் உல்லாசம் என்ற நிலை மாறி, அது மருந்தும் உணவும் ஆயிற்று. வெயிலை மறைத்த சமூக ஏற்பாடு நோயின் காரணம் என்ற உண்மையும் இதனோடு வெளிப்பட்டது.

ஜேர்மனியில் இவ்வியக்கத்தின் முதற் சங்கம் 1898இல் ஆலை நகரமாகிய எஸனில் தோன்றியது. 'சுதந்திர உடற்பண்பாடு' என்ற பெயர் பின்னர் இவ்வியக்கத்துக்கு நிலைத்தது. ஆயினும் அதன் தொடக்ககாலக் குரல்கள் யாவும் முற்போக்கானவை என்று மயங்கலாகாது. ஹைன்றிஹ் பூடோர், றிஹார்ட் உங்கெவிட்டர் முதலியோர் ஆடையற்ற வாழ்வைப் போற்றியது இனத் தூய்மையின் பேரால். வலிமையான ஜேர்மானிய உடலை வளர்த்தெடுப்பதே அவர்களின் நோக்கம். யூதர்மீது கொண்ட பகைமை அவர்களின் எழுத்தெங்கும் ஊறிக்கிடந்தது. ஆடையைக் களைந்தவுடன் மனிதன் தன் தப்பெண்ணங்களையும் களைந்துவிடுவான் என்ற நம்பிக்கையை இவர்களே பொய்ப்பித்தார்கள். உடலை வழிபடும் தத்துவம் பாஸிஸத்துக்கும் பணிபுரியக்கூடும் என்பதை இருபதாம் நூற்றாண்டு விரைவிலேயே கண்டது.

மற்றொரு நீரோட்டம் தொழிலாள வர்க்கத்திலிருந்து பிறந்தது. 1889இல் பாரிஸிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு எட்டு மணி நேர வேலைநாளை மே தினக் கோரிக்கையாக்கிற்று. அதற்கு முன்னரே, மார்க்ஸின் மருமகனான போல் லஃபார்க் 'சோம்பலாயிருக்கும் உரிமை' என்ற தமது சிறு நூலில், வேலையை மட்டும் கேட்டு ஓய்வைக் கேட்காத தொழிலாளரைக் கேலி செய்திருந்தார். 1918 நவம்பர்ப் புரட்சியின் விளைவாக ஜேர்மன் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைநாளைப் பெற்றனர். மாலைப்பொழுது அவர்களுக்குச் சொந்தமாயிற்று. பேர்லினைச் சூழ்ந்த ஏரிக்கரைகளுக்கு அவர்கள் திரண்டு சென்றார்கள். கிழிந்த வேலையுடையைக் கழற்றி வைத்து நீராடியவர்களுக்கு, தத்துவத்துக்கு முன்னரே தண்ணீர் கிடைத்தது.

இந்நீரோட்டத்தின் தலைசிறந்த பிரதிநிதி ஓர் ஆசிரியர் என்பது நம் வாசகர்களிற் பலருக்குச் சிறப்பான அக்கறைக்குரியது. அடோல்ஃப் கோஹ் பேர்லின் தொழிலாளர் பகுதியிற் கற்பித்தவர். தம்மிடம் வந்த பிள்ளைகளின் வளைந்த முதுகையும் வற்றிய மார்பையும் கண்டு, பெற்றோரின் சம்மதத்துடன் ஆடையற்ற உடற்பயிற்சியை ஆரம்பித்தார். 1920களின் முற்பகுதியிற் செய்தி வெளியே பரவியதும் ஒழுக்கத்தின் காவலர்கள் கொதித்தெழுந்தனர். பிள்ளைகள் ஏன் வளைந்திருக்கிறார்கள் என்று கேட்காதவர்கள், அவர்கள் ஏன் ஆடையின்றி நிற்கிறார்கள் என்று கேட்டார்கள். கோஹ் அரசாங்கப் பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. அவர் தமது சொந்தப் பள்ளிகளைத் தொடங்கினார். காலப்போக்கிற் பல நகரங்களில் 13 பள்ளிகள் இயங்கின. அங்கே மருத்துவப் பரிசோதனை நடந்தது. உடற்பயிற்சியோடு விரிவுரைகளும் விவாதங்களும் நடந்தன. கட்டணம் அவரவர் வருமானத்துக்கேற்ப அமைந்தது. 1929இல் பேர்லினில் இவ்வியக்கத்தின் சர்வதேச மாநாடு நடந்தபோது அதை முன்னின்று நடத்தியவரும் அவரே. உடலைப்பற்றிய கூச்சம் தொழிலாளியைத் தலைகுனிய வைக்கும் கருவிகளில் ஒன்று. கூச்சம் நீங்கியவன் முதலாளியின் முன்னும் நிமிர்ந்து நிற்பான் என்பது அவருடைய எண்ணம். இதில் மிகை இருக்கலாம்; ஆயினும் அந்த எண்ணத்தின் திசை தெளிவானது.

அதிகார வர்க்கமும் அத்திசையை உணர்ந்தே இருந்தது. பெர்டோல்ட் பிரெக்ட் எழுத்திற் பங்குகொள்ள, ஸ்லாட்டன் டூடோவ் இயக்கிய 'கூலே வம்பே' என்ற திரைப்படம் 1932இல் தணிக்கையாளரின் தடைக்கு உள்ளாயிற்று. வேலையிழந்து வாடகைக் குடியிருப்பிலிருந்து துரத்தப்பட்ட தொழிலாளர் குடும்பம், பேர்லின் ஏரிக்கரையிற் கூடாரத்தில் வாழும் கதை அது. இறுதியில் அனுமதி கிடைத்தபோது வெட்டப்பட்ட பகுதிகளில், தேவாலய மணி ஒலிக்க இளைஞர் ஆடையின்றி நீராடும் காட்சியும் ஒன்று. அதே ஆண்டில் பிரஷ்ய அரசு பொது நீராடலுக்குரிய உடையின் அளவை ஆணையிட்டு வரையறுத்தது. இலட்சக்கணக்கானோர் வேலையின்றிப் பட்டினி கிடந்த நாட்டில், அரசாங்கம் நீச்சலுடையின் தையலை அளந்துகொண்டிருந்தது! 1933 மார்ச் 3ஆந் திகதி கோரிங் வெளியிட்ட சுற்றறிக்கை ஆடையற்ற இயக்கத்தை ஜேர்மன் பண்பாட்டுக்குப் பேராபத்தெனப் பழித்தது. சோஷலிஸச் சங்கங்கள் கலைக்கப்பட்டன. கோஹின் பள்ளிகள் மூடப்பட்டன. அவருடைய நூல்கள் எரிக்கப்பட்டன. ஆனால் இனவாதக் கிளை நாஸி ஆட்சியின் கீழ் வேறு பெயர்களிற் பிழைத்துக்கொண்டது. 1942இல் ஆடையற்ற நீராடலுக்கான விதிகளே தளர்த்தப்பட்டன. நாஸிகளின் பகைமை ஆடையின்மையோடன்று, தொழிலாளரின் அமைப்போடுதான் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஜேர்மனியில் இருள் கவிந்தபோது பிரான்ஸில் ஒரு விடிவு தோன்றியது. 1936 மே, ஜூன் மாதங்களிலே பிரெஞ்சுத் தொழிலாளர் ஆலைகளைக் கைப்பற்றி நடத்திய மாபெரும் வேலைநிறுத்தத்தின் பயனாக, மக்கள் முன்னணி அரசாங்கம் ஜூன் 20ஆந் திகதி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. சம்பளத்துடன் இரண்டு வார லீவு ஒவ்வொரு தொழிலாளியினதும் உரிமையாயிற்று. ஓய்வு, விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பான லேயோ லக்ராஞ்ச் புகையிரதக் கட்டணத்தில் 40 சதவீதக் கழிவு பெற்றுக் கொடுத்தார். அந்தக் கோடையிலே வாழ்நாளிற் கடலைக் காணாத இலட்சக்கணக்கானோர் கடலைக் கண்டார்கள். இக்கழிவுச் சீட்டையும், இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய கழிவு அழைப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். முன்னையதற்குப் பதிலாக உழைப்பாளியிடம் எதுவும் கேட்கப்படவில்லை. அவன் முன்னரே வேலைநிறுத்தத்திற் கொடுக்கவேண்டியதைக் கொடுத்திருந்தான்.

யுத்தத்தின் பின் ஐரோப்பிய ஆடையற்ற இயக்கத்தின் தலைமை பிரான்ஸுக்கு மாறியது. 1950இல் அட்லாந்திக் கரையில் மொன்தலிவே முகாம் தொடங்கியது; 1953இல் அங்கேயே சர்வதேசச் சம்மேளனம் அமைந்தது. எளிய கூடாரங்கள், கூட்டு வேலை, குடும்பங்களின் சகவாசம் என்பனவே அதன் தொடக்க இயல்புகள். மத்தியதரைக் கடற்கரையில் ஆக்ட் முனைக்கு அருகே ஒல்திரா குடும்பத்தாரின் நிலத்திலும் இத்தகைய கூடார முகாம் ஒன்று வளர்ந்தது. பின்னர் அரசாங்கம் தலையிட்டது. ஸ்பெயினுக்குப் பாய்ந்துகொண்டிருந்த உல்லாசப் பயணிகளைத் தன் கரையிலேயே தடுத்து நிறுத்தும்பொருட்டு, 1963இல் லாங்டொக் கரையை அபிவிருத்தி செய்யும் அமைப்பொன்றை அது நிறுவியது. நுளம்பு ஒழிந்தது, வீதி வந்தது, துறைமுகம் வந்தது. 1970களில் ஆக்ட் முனையிலே ஆடையற்றோருக்கெனத் தொடர்மாடிகளும் கடைகளும் கொண்ட ஒரு நகரமே எழுந்தது. கூடாரத்தின் இடத்தைத் தொடர்மாடி பிடித்துக்கொண்டது. சங்க உறுப்பினனின் இடத்தை வாடிக்கையாளன் பிடித்துக்கொண்டான். பிற்காலத்தில் இரவுக் களியாட்ட வியாபாரம் அங்கே ஓங்கியபோது, பழைய குடும்பங்கள் மனம் நொந்து பேசியதில் வியப்பில்லை.

சோஷலிஸம் கட்டியெழுப்பப்படுவதாகக் கூறிய கிழக்கு ஜேர்மனியின் அநுபவத்தையும் மறைக்காமற் கூறுதல் கடன். 1954இல் அங்குள்ள அதிகாரிகள் போல்டிக் கரையில் ஆடையற்ற நீராடலைத் தடைசெய்தனர். கவிஞரும் பண்பாட்டு அமைச்சருமான யொஹனஸ் பெஹரும் அதை வெறுத்தவர்களில் ஒருவர். மக்கள் மனு எழுதினார்கள். தடையை மீறியும் நீராடினார்கள். 1956இல் அரசாங்கம் இறங்கிவந்து, அதற்கென ஒதுக்கப்பட்ட கரைகளில் அனுமதிக்கும் விதியை வெளியிட்டது. மக்களின் பெயரால் ஆள்பவர்களும் மக்களின் உடலைக் கண்டு அஞ்சக்கூடும் என்பது இதன் பாடம். அதே நாட்டில், 1947இல் உருவான தொழிற்சங்க லீவுச்சேவை, சிறு தொகைக்குத் தொழிலாளருக்குக் கடற்கரை விடுமுறையை அளித்து வந்தது என்பதும் உண்மை. இடம் கிடைக்கக் காத்திருக்கவேண்டும், வசதி குறைவு, ஒதுக்கீட்டிற் பாரபட்சமும் உண்டு. ஆயினும் ஓய்வு ஒரு சமூகக் கடமை என்ற கருத்து அதனுள் உயிரோடிருந்தது. 1990இல் அந்நாட்டோடு அச்சேவையும் மறைந்தது. விடுதிகள் புதிய உடைமையாளரிடம் சென்றன.

அமெரிக்காவுக்கு இவ்வியக்கத்தைக் கொண்டு சென்றவர்களும் ஜேர்மன் குடியேறிகளே. 1929இல் நியூயோர்க்கில் குர்ட் பார்தெல் முதற் சங்கத்தை அமைத்தார். முகாமிலே பதவியும் பட்டமும் இல்லை, வங்கி முகாமையாளனும் கொல்லனும் ஒன்றே என்பது அங்கே விரும்பிச் சொல்லப்பட்ட வாசகம். ஆனால் பல முகாம்களின் வாயில்கள் கறுப்பு மக்களுக்கு நெடுங்காலம் மூடப்பட்டிருந்தன. ஆடையை நீக்கியவர்களின் சமத்துவம் தோலின் நிறத்தோடு நின்றுவிட்டது. பின்னர் புளோரிடாவின் வெயில் முகாம்களை விடுதிகளாக மாற்றியது. 1964இல் கிஸிமிக்கு அருகே ஒரு பெரிய விடுதி தோன்றியது. 1971இல் அதே வட்டாரத்தில் டிஸ்னி உலகம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றிலும் காலப்பங்கு விடுதிகள் காளான்போல் முளைத்தன. இவ்விடத்திலேதான் நமது இரண்டாவது வரலாறு முதலாவதைச் சந்திக்கிறது.

காலப்பங்கின் பிறப்பிடமும் ஐரோப்பாவே. 1963இல் சுவிட்சர்லாந்தில் ஹாபிமாக் என்ற நிறுவனம், பங்கு வாங்கியோர் அதன் விடுமுறை இல்லங்களை மாறிமாறிப் பயன்படுத்தும் முறையை ஆரம்பித்தது. 1967இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையின் சூப்பர்தெவொலுய் என்னும் பனிச்சறுக்கு விடுதியிலே, அறையை வாடகைக்கு எடுப்பதிலும் விடுதியையே வாங்குவது மலிவு என்ற விளம்பரத்தோடு வாரங்கள் விற்கப்பட்டன. இது பெருவியாபாரமானது அமெரிக்காவிலே, ஒரு நெருக்கடியின் விளைவாக. 1973–74 எண்ணெய் நெருக்கடியின்போது புளோரிடாவிற் கட்டிய தொடர்மாடி வீடுகள் விலைபோகாமற் தேங்கின. முழு வீட்டை வாங்க ஆளில்லை. ஆகவே வீட்டைக் கூறு போட்டார்கள். மீன் சந்தையிலே பெரிய மீனைக் கூறு போட்டு விற்பதுபோல, ஓராண்டை 52 வாரங்களாகக் கூறு போட்டு விற்றார்கள்.

இதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு சிறிய வீட்டின் சந்தை விலை 1,00,000 டொலர் என வைத்துக்கொள்வோம். பழுது பார்ப்பதற்கு 2 வாரங்களை ஒதுக்கி, எஞ்சிய 50 வாரங்களையும் தலைக்கு 10,000 டொலராக விற்றால், கிடைப்பது 5,00,000 டொலர். சுவர் அதே சுவர். கூரை அதே கூரை. விலை மட்டும் ஐந்து மடங்கு. இவ்வுபரி மதிப்பின் பெரும்பகுதியை விளம்பரமும் தரகும் விழுங்குகின்றன. மூன்று நாள் உணவையும் அறையையும் பாதி விலைக்குக் கொடுக்கும் தாராளம் எங்கிருந்து வருகிறதென்று இப்போது விளங்கும். கைச்சாத்திடும் ஒருவர், கைச்சாத்திடாமற் போன பலரின் விருந்துக்கும் பணம் கொடுத்துவிடுகிறார்.

அந்த 90 நிமிடங்களின் அமைப்பும் ஆராயத்தக்கது. முதலில் நல்ல காலையுணவு. அடுத்து, இனிமையாகப் பேசும் ஒருவர் குடும்ப நலன் விசாரிப்பார். கடந்த ஆண்டுகளில் விடுமுறைக்குச் செலவிட்ட தொகையைக் கேட்டு எழுதிக்கொள்வார். அத்தொகையை இருபது, முப்பது ஆண்டுகளாற் பெருக்கிக் காட்டி அச்சமூட்டுவார். பின்னர் விடுதியின் மிகச் சிறந்த அறை காட்டப்படும். விலை சொல்லப்படும். மறுத்தால், 'முகாமையாளர்' என ஒருவர் வந்து விலையைக் குறைப்பார். மீண்டும் மறுத்தால் மீண்டும் குறைப்பார். ஆயினும் இந்த விலை இன்றைக்கு மட்டுமே. நாளை வந்தாற் கிடையாது. ஒன்றரை மணி நேரம் மூன்று, நான்கு மணி நேரமாக நீளும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்ற பழைய மனித உணர்ச்சி, கர்ணனைக் களத்திலே நிறுத்திய அந்தச் செஞ்சோற்றுக் கடன், இங்கே விற்பனைக் கருவியாகிறது. மனிதரின் நல்லியல்பைக்கூட மூலதனம் வீணாக விடுவதில்லை.

கைச்சாத்திட்டபின் 'விருப்பம்' என்ற சொல் மறைந்துவிடுகிறது. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வரும். சென்று தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்டவேண்டும். அது ஏறுமேயன்றி இறங்குவதரிது. பல ஒப்பந்தங்களுக்கு முடிவுத் திகதியே இல்லை. விற்க முயன்றால் வாங்குவாரில்லை. ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய வாரங்களை ஒரு டொலருக்கு விளம்பரம் செய்வோர் உளர். அவர்களை மீட்டுத் தருவதாகக் கூறி முற்பணம் வாங்கி மறையும் ஏமாற்றுக்காரரும் தோன்றிவிட்டனர். பாதிக்கப்பட்டோரின் முறையீடுகள் பெருகியதால், ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் இதை ஒழுங்குபடுத்தும் பணிப்பாணையைப் பிறப்பித்தது. பிந்திய பணிப்பாணை, 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையை அளித்ததோடு, அந்நாட்களில் முற்பணம் பெறுவதையும் தடைசெய்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, முடிவற்ற ஒப்பந்தங்கள் செல்லாவென 2015இல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'இன்று மட்டும்' என்ற மிரட்டலுக்கு எதிராகச் சட்டமே ஆற அமரச் சிந்திக்கும் நாட்களைக் கொடுக்க நேர்ந்ததென்றால், அந்த அறையிலே விருப்பம் எவ்வளவு சுதந்திரமாக இருந்தது என்பது வெளிப்படை.

ஆடையற்ற விடுதியிலே இவ்வியாபாரம் ஒரு விசித்திரமான உச்சத்தை அடைகிறது. ஆடையில்லாதவனுக்குச் சட்டைப்பை இல்லை. ஆகவே அவன் மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டப்படுகிறது. இதற்கு முன்னோடியும் உண்டு. 1950இல் கூடாரங்களோடு தொடங்கிய கிளப் மெடிட்டரேனியன் என்ற விடுமுறை நிறுவனம், காசுக்குப் பதிலாகக் கழுத்தில் அணியும் மணிகளை வழங்கிற்று. பணம் மறைந்தது போன்ற மயக்கம் உண்டாயிற்று. இன்று பல விடுதிகளில் பட்டியின் நிறம் அணிந்தவரின் தரத்தைக் காட்டுகிறது. எந்த உணவுச்சாலைக்குள் அவர் செல்லலாம், எந்த மதுவை அருந்தலாம் என்பதை நிறம் தீர்மானிக்கிறது. ஆடையோடு வர்க்க அடையாளமும் நீங்கும் என்று நம்பினார் பேர்லின் ஆசிரியர். உடல் முழுவதையும் திறந்து வைத்த இடத்திலும், வர்க்கம் தனக்கென மணிக்கட்டில் ஓர் அங்குல இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. மெக்சிக்கோவின் கரிபியன் கரையை எடுத்துக்கொள்வோம். ஆடை விருப்பத்திற்குரிய விடுதிகளும் காலப்பங்கு வியாபாரமும் ஒருங்கே செழிக்கும் இடம் அது. 1970களில் மெக்சிக்கோ அரசாங்கம் சர்வதேசக் கடன் பெற்று, மீனவர் சிலரே வாழ்ந்த கரையிலே கான்கூன் நகரைத் திட்டமிட்டு எழுப்பியது. யூக்கதான் கிராமங்களின் மாயா மக்கள் அங்கே கொத்தர்களாகவும் அறை துப்புரவு செய்வோராகவும் பரிசாரகராகவும் வந்து சேர்ந்தனர். ஆடை அவர்களின் விருப்பமன்று. கொளுத்தும் வெயிலில், சீருடையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே அவர்கள் தட்டுகளைச் சுமக்கின்றனர். மெக்சிக்கோவின் சட்டப்படி கடற்கரை தேசத்தின் பொதுச் சொத்து. எனினும் விடுதிகள் வழியை அடைத்தமையால், அவ்வாறு அடைப்போருக்குத் தண்டம் விதிக்க 2020இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. கரையைக் கட்டிய தொழிலாளி தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு அக்கரைக்குச் செல்லச் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது!

தனி மனிதரின் விருப்பத்தை நாம் பழிக்கவில்லை. வெயிலில் ஆடையின்றி நீராடுவோர் பிறருக்குத் தீங்கிழைப்பதில்லை. மலிவான விடுமுறையை நாடும் ஆசிரியரோ எழுதுவினைஞரோ குற்றவாளியுமல்லர். அவர்கள் மலிவை நாடவேண்டியிருப்பதே, ஓய்வு உழைப்பவருக்கு அருமையான பொருளாகிவிட்டதன் அறிகுறி. ஆயினும் வரலாறு நமக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. வெயிலும் கடலும் ஓய்வு நாளும் விடுதியாரின் ஆக்கங்களல்ல. முதலிரண்டும் இயற்கையின் கொடை. மூன்றாவது, 1918இல் பேர்லினிலும் 1936இல் பாரிஸிலும் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கொடை. இவை மூன்றையும் ஒன்றாகக் கட்டி, 52 கூறாக்கி, அவற்றைச் சம்பாதித்த மக்களின் வாரிசுகளுக்கே மூலதனம் விலைக்கு விற்கிறது.

ஓய்வைத் தனித்தனி ஒப்பந்தங்களால் எவரும் நிலையாகப் பெற்றதில்லை. சட்டத்தால், சங்கத்தால், பொதுக் கடற்கரையால், சம்பளத்துடன் கூடிய லீவால் பெற்றார்கள். அவற்றை இழந்த இடங்களிலே மீண்டும் வாடகைக்கு எடுக்கிறார்கள். பிள்ளையின் வளைந்த முதுகைக் கண்டு, அதற்குக் காரணமான முற்றத்தின் அளவைக் கேள்விக்குள்ளாக்கிய அந்த ஆசிரியரின் மரபே நமக்கு வேண்டிய மரபு. உடலுக்கு வெளிச்சம் வேண்டும், உழைப்புக்கு ஓய்வு வேண்டும், கரைக்கு வழி வேண்டும். ஆடை அணிவதா, களைவதா என்பதை அதன் பின்னர் மக்கள் தாமே தீர்மானித்துக்கொள்வார்கள். அப்பொழுதுதான் அது உண்மையில் அவரவர் விருப்பமாகும்.